ஜாங்கோவின் உள்நுழைவு அமைவுகள்: புள்ளி வைத்த பெயருக்கு இடமில்லை

மொரீஷியஸில் தமிழ்ச் சங்கங்களுக்கும் கோவில்களுக்கும் உறுப்பினர் தளம் அமைத்துக் கொடுப்பவர்கள், பைத்தான் நிரல்மொழி அறிந்தவர்களாயின், அம்மொழியில் இணையத்தளம் கட்ட உதவும் சட்டகமான ஜாங்கோவைத் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் அதன் உள்நுழைவு அமைவுகளை வந்தபடியே விட்டுத் தளத்தைத் திறக்கக் கூடாது என்பது, ரோஸ் ஹில்லில் ஒரு சங்கத்துக்காக அதை அமைத்தபின் நான் வந்த முடிவு.

கடவுச்சொல் காப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எட்டு எழுத்துக்குக் குறைந்தது, வெறும் எண்களால் ஆனது, பலரும் வைக்கும் 20,000 கடவுச்சொற்களின் பட்டியலில் உள்ளது, பயனரின் பெயரையோ மின்னஞ்சலையோ ஒத்தது ஆகிய நான்கு வகையும் தள்ளப்படுகின்றன. இச்சோதனைகள் புதிய திட்டத்தின் செட்டிங்ஸ் கோப்பிலேயே எழுதப்பட்டு வந்துவிடுகின்றன.

இடறுவது பயனர்பெயரில்தான். யூனிகோடு எழுத்துகளை, அதாவது தமிழ் உட்பட எம்மொழி எழுத்தையும், ஏற்பதாக ஜாங்கோவின் ஆவணம் சொல்கிறது. ‘கமல’ என்று இட்டால் ஏற்கவும் செய்கிறது. ‘முருகன்’ என்று இட்டாலோ செல்லாத பெயர் என்கிறது. சோதனைக்கு அடிப்படையான, எழுத்து வடிவங்களை ஒப்பிடும் பைத்தானின் ரெஜெக்ஸ், உகரக் குறியையும் மெய்யின் புள்ளியையும் எழுத்தாகக் கணக்கிடுவதில்லை என்பதே காரணம். ரூபாய் நோட்டிலேயே தமிழ் அச்சாகும் நாட்டில் இதை உறுப்பினர்களுக்கு விளக்குவது எளிதன்று. தீர்வு உண்டு: பயனர் விவரங்களை வரையறுக்கும் நிரல்பகுதியான பயனர் மாடல் ஒன்றைத் தனியாக எழுதி, தமிழ்க் குறிகளையும் அனுமதிக்கும் சோதனையை அதில் வைத்து, ‘ஆத் யூசர் மாடல்’ அமைவில் அதைக் குறிப்பிட வேண்டும். தரவுத்தளத்தில் அட்டவணைகளை உருவாக்கும் முதல் மைக்ரேஷனுக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். தரவு சேர்ந்தபின் மாற்றப் புகுந்தால், பயனர் அட்டவணையைச் சுட்டும் ஒவ்வோர் உறவையும் கையால் திருத்த நேரும்.

தவறான கடவுச்சொல்லை எத்தனை முறை இட்டாலும் ஜாங்கோ தானாகத் தடுப்பதில்லை என்பது இன்னொரு குறை. அதற்கு ஜாங்கோ ஆக்சஸ் போன்ற துணைத் தொகுப்பைச் சேர்த்தாக வேண்டும். உள்நுழைவு இரண்டு வாரம் நீடிப்பதும், சங்க அலுவலகத்தில் பலர் ஒரே கணினியில் அமரும் நமக்குப் பொருந்தாது. உலாவியை மூடியதும் முடியும்படி மாற்றிவிட்டேன். கடவுச்சொல் மீட்பு இணைப்பின் மூன்று நாள் ஆயுளையும் ஒரு நாளாகக் குறைத்தேன்.

ஜாங்கோ 5.1 பதிப்பில் வந்த ‘லாகின் ரிக்வயர்டு’ மிடில்வேர் (பக்கத்தைக் காட்டுமுன் ஒவ்வொரு கோரிக்கையையும் சோதிக்கும் இடைநிரல்), தளம் முழுவதையும் உள்நுழைந்தவர்க்கு மட்டும் என்று பூட்டிவிடுகிறது. உறுப்பினர்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்கும் தளத்துக்கு, 2017ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ள இந்நாட்டில், இதுவே சரியான தொடக்கநிலை. காவடித் திருவிழா அறிவிப்பு போன்ற பொதுப் பக்கங்களுக்கு மட்டும் விலக்கு எழுதினால் போதும்.