கொலோனோஸ்கோபிக்கு முன் குடல் சுத்தம்: எந்த மருந்து யாருக்கு?

கேமரா பொருத்திய வளையும் குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியின் பயன், கருவியை இயக்கும் மருத்துவரின் திறமையைப் போலவே, அதற்கு முன் குடல் எவ்வளவு சுத்தமாகிறது என்பதையும் பொறுத்தது. மலம் தங்கியிருந்தால், பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப்கள் (குடலின் உட்சுவரில் வளரும் சிறு திசுப் புடைப்புகள்), குறிப்பாக வலப்பக்கப் பெருங்குடலில் தட்டையாகப் படர்ந்திருப்பவை, கண்ணில் படாமலே போய்விடும். ஆனாலும் குடிக்க எளிதானது எது என்று கேட்பதற்கு முன், நோயாளியின் சிறுநீரகமும் இதயமும் எதைத் தாங்கும் என்றே பார்க்க வேண்டும்.

அந்த வகையில் முதலிடம் பாலிஎத்திலீன் கிளைக்கால் தூளுக்கு. உப்புகளுடன் சேர்த்து 1980களிலிருந்து பயன்பட்டுவரும் இந்த மருந்து குடலில் ஏறக்குறைய உறிஞ்சப்படுவதே இல்லை. கரைசலின் செறிவு இரத்தத்தின் செறிவை ஒத்திருப்பதால், அது உடலிலிருந்து நீரை இழுப்பதுமில்லை, உடலுக்குள் நீரைச் சேர்ப்பதுமில்லை. குடித்த நீரே குடலைக் கழுவிக்கொண்டு வெளியேறுகிறது. சிறுநீரகக் கோளாறோ இதயச் செயலிழப்போ உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் இதையே நாடுவது அதனால்தான். குறை என்றால் அதன் அளவும் உவர்ப்பும்தான். பழைய முறைப்படி 4 லிட்டர் குடிக்க வேண்டும். குமட்டலால் பாதியில் நிறுத்துவோர் உண்டு. இன்று சிக்கல் எதுவும் இல்லாதவர்களுக்கு 2 லிட்டர் முறைகளே போதுமானவையாகக் கருதப்படுகின்றன. வைட்டமின் சி சேர்த்த வகையும் உள்ளது. ஆனால் ஜி6பிடி குறைபாடு (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதியின் பரம்பரைக் குறைபாடு) உள்ளவர்கள் அதில் கவனமாக இருக்க வேண்டும்.

சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றின் சல்பேட் கரைசல் அளவில் சிறியது, நன்றாகவும் வேலை செய்கிறது. ஆனால் இது உடலின் நீரைக் குடலுக்குள் இழுத்துச் செயல்படுவதால், மருந்துக்குப் பின் தண்ணீரைத் தாராளமாகக் குடித்தே ஆக வேண்டும். சோடியம் பிக்கோசல்பேட்டும் மெக்னீசியம் சிட்ரேட்டும் கலந்த மருந்து சுவையில் இவை எல்லாவற்றையும்விட இதமானது. எனினும் முதியவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் குறையும் அபாயமும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மெக்னீசியம் தேங்கும் அபாயமும் அதில் உண்டு.

சோடியம் பாஸ்பேட் கரைசலை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். சிறு குப்பியில் முடிந்துவிடும் என்பதே அதன் கவர்ச்சி. ஆனால் பாஸ்பேட் படிகங்கள் சிறுநீரக நுண்குழல்களில் படிந்து நிரந்தரச் சேதம் விளைவித்த நிகழ்வுகளைத் தொடர்ந்து, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008 டிசம்பரில் கடுமையான எச்சரிக்கை வெளியிட்டது. சிறுநீரகம் நன்றாக இருந்தவர்களுக்கும் இந்தப் பாதிப்பு நேர்ந்திருக்கிறது. நல்ல மாற்றுகள் இருக்கும்போது இந்த ஆபத்தை ஏற்கத் தேவையே இல்லை. மேனிட்டால் கரைசலும் அப்படியே: குடல் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கச் செய்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும், மின்சூட்டால் பாலிப்பை அகற்றும்போது அது தீப்பற்ற வாய்ப்புண்டு.

எந்த மருந்தானாலும் அதைக் குடிக்கும் நேரம் மிக முக்கியம். முழுவதையும் முந்தைய மாலையே குடித்து முடித்தால், இரவில் சிறுகுடலிலிருந்து இறங்கும் கசடு வலப்பக்கக் குடலில் மீண்டும் படிந்துவிடும். பாதியை முந்தைய மாலையிலும், மறுபாதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பு தொடங்கி, குறைந்தது 2 மணி நேரம் முன்பாக முடித்துவிடுவதுமே சிறந்த முறை. பிற்பகலில் பரிசோதனை என்றால் முழுவதையும் அன்று காலையிலேயே குடிக்கலாம். அதிகாலையில் எழ வேண்டியிருக்கிறதே என்று இரண்டாம் பாதியை இரவிலேயே முடித்துவிடுவது, பட்ட சிரமம் அத்தனையையும் வீணாக்கிவிடும்.

முந்தைய நாள் கீரை, கொய்யா, தக்காளி, முழுத்தானியங்கள் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். இளநீர் பொதுவாக நல்லது என்றாலும், அதில் பொட்டாசியம் மிகுதி என்பதால் சிறுநீரக நோயாளிகளுக்கு ஏற்றதல்ல. நீரிழிவு மாத்திரை, இன்சுலின், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, இரும்புச்சத்து மாத்திரை ஆகியவற்றை எடுப்பவர்கள், எதை எப்போது நிறுத்த வேண்டும் என்பதைத் தேதி குறிக்கும் அன்றே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக வெளியேறுவது கலங்கலற்ற இளமஞ்சள் நீராக இருந்தால் குடல் தயார். பழுப்பாகவோ திப்பிகளுடனோ இருந்தால் பரிசோதனை அறைக்குள் செல்வதற்கு முன்பே செவிலியரிடம் சொல்லிவிட வேண்டும். கூடுதல் மருந்து தருவதா, தேதியை மாற்றுவதா என்பதை மருத்துவர் அப்போதே முடிவுசெய்ய முடியும்.