மழையில் ஆஃப் ஆகும் காருக்கு பெட்ரோல் பம்ப் மாற்றச் சொன்னால் உஷார்

மழை நாளில் மட்டும் குலுங்கி, சிக்னலில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ஆஃப் ஆகிற பெட்ரோல் கார் உங்களிடம் இருந்தால், ஒர்க்‌ஷாப்புக்கு விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இதே புகாரோடு போன என்னிடம் வேளச்சேரி பக்கம் உள்ள ஒரு பெரிய ஒர்க்‌ஷாப் 16,400 ரூபாய் வாங்கியது. கோளாறு அப்படியே இருந்தது. அதற்கு மேல் 34,000 ரூபாய்க்கு எஸ்டிமேட்டும் கொடுத்தார்கள். கடைசியில் வேறொரு மெக்கானிக்கிடம் லேபரோடு சேர்த்து 2,250 ரூபாயில் வேலை முடிந்தது.

வண்டி 2013 மாடல், நாலு சிலிண்டர் பெட்ரோல். பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி பிளக்கில்தான் வரும்; அதற்கான கரண்ட்டைக் கொடுப்பது காயில். ஒரே காயிலிலிருந்து நாலு பிளக்குக்கும் தனித்தனி வயர் போகும் பழைய ஏற்பாடு. என் அப்பாவை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப் போவது இந்த வண்டியில்தான். அவரை வைத்துக்கொண்டு மேடவாக்கம் மேம்பாலம் ஏறும்போது நல்ல மழையில் வண்டி இழுக்காமல் திணறி நின்றுவிட்டது. பின்னால் வரிசையாக லாரி, பஸ். டயாலிசிஸ் முடிந்து சோர்ந்து கிடக்கிற மனிதரை மழையில் இறக்கி ஆட்டோ ஏற்றினேன். இந்தப் பதிவில் கோபம் தெரிந்தால் அதற்குக் காரணம் பணம் மட்டும் இல்லை.

ஒர்க்‌ஷாப் அட்வைசர் பானட்டைத் திறக்கும் முன்பே பதிலோடு வந்தார். "சார், இப்போ வர்ற பெட்ரோல்ல எத்தனால் இருக்கு, அது தண்ணிய இழுத்துக்கும். பம்ப் போயிருக்கும்" என்றார். எத்தனால் தண்ணீரை இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் டேங்கில் தண்ணீர் சேர்ந்திருந்தால் மறுநாள் வெயில் அடித்ததும் வண்டி எப்படி நன்றாக ஓடும்? டேங்கில் உள்ள தண்ணீர் அடுத்த நாள் காலையில் ஆவியாகிப் போய்விடாதே. பம்ப்பும் அப்படித்தான். அது டேங்குக்குள் பெட்ரோலிலேயே மூழ்கிக் கிடக்கிற சாமான். வெளியே பெய்கிற மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதைக் கேட்டதற்கு, "சார், நாங்க தினம் இருபது வண்டி பாக்கறோம்" என்பதுதான் பதில். பம்ப் 9,800 ரூபாய். இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், லேபர் எல்லாம் சேர்த்துத்தான் அந்த 16,400.

வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்று நல்ல வெயில். அட்வைசரே கூட உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். வண்டி அருமையாக ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்? வெயிலில் அது ஒருநாளும் நின்றதில்லையே. அவர்கள் தொடுவதற்கு முந்தின நாளும் இதே மாதிரிதான் ஓடியிருக்கும். மழையில் வருகிற கோளாறைச் சரிசெய்துவிட்டோம் என்று வெயிலில் ஓட்டிக் காட்டிப் பணம் வாங்குவது, தெரிந்தே செய்தாலும் தெரியாமல் செய்தாலும் ஏமாற்றுதான்.

அடுத்த மழைக்கே பழைய கதை. திரும்பக் கொண்டுபோனால் கதை மாறிவிட்டது. "அப்போ ஈ.சி.எம்.தான் சார், உள்ள ஈரம் இறங்கியிருக்கு" என்று, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டியைக் கைகாட்டி 34,000 சொன்னார்கள். என் வண்டியில் அந்த யூனிட் டேஷ்போர்டுக்கு அடியில், கேபினுக்குள் இருக்கிறது. தரைவிரிப்புகூட நனையாதபோது அதற்குள் எப்படி ஈரம் போகும்? தயங்கியதும், "லேட் பண்ணா இன்ஜினுக்குள்ள தண்ணி போய் இன்ஜினையே இறக்க வேண்டி வரும்" என்று பயமுறுத்தினார்கள்.

இந்த மிரட்டலுக்குத்தான் நிறைய பேர் பணிந்துவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். சிலிண்டருக்குள் தண்ணீர் போவது வேறு கோளாறு. முழங்கால் அளவு வெள்ளத்தில் ஓட்டும்போது ஏர் ஃபில்டர் வழியாக இன்ஜின் தண்ணீரை உறிஞ்சினால் அது நடக்கும். தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் பிஸ்டன் மேலே வர இடமில்லாமல் கனெக்டிங் ராடு வளையும், சாவி போட்டால் ஸ்டார்ட்டர் சுற்றவே சுற்றாது. அந்த நிலையில் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது, இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். சாதாரண மழையில் நின்று, அரைமணி நேரம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகி, மறுநாள் ஒழுங்காக ஓடுகிற வண்டிக்கு இது பொருந்தாது.

எனக்கு உண்மையில் ஆத்திரம் வந்தது வீட்டில் பில்லைப் புரட்டியபோது. பில்லோடு அவர்களே ஸ்கேனர் ரிப்போர்ட்டைப் பின் அடித்துக் கொடுத்திருந்தார்கள். அதில் கோளாறைச் சொல்லும் இரண்டு குறியீட்டு எண்கள்: பி0300, பி0303. முதலாவது, பொதுவாக மிஸ்ஃபயர் ஆகிறது, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை என்பது. இரண்டாவது, மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று குறிப்பாகவே சொல்கிறது. பம்ப் நாலு சிலிண்டருக்கும் சேர்த்துத்தான் பெட்ரோல் அனுப்புகிறது. ஒரு சிலிண்டரின் பெயரைச் சொல்லி ரிப்போர்ட் வந்த பிறகு, அந்த சிலிண்டரின் பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் பம்ப்பை மாற்றியிருக்கிறார்கள்.

அப்புறம்தான் ஆதம்பாக்கத்தில் சின்ன ஷெட் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ரிப்போர்ட்டைப் பார்த்தார், "சாயந்திரம் இருட்டினப்புறம் வா தம்பி" என்றார். போனதும் ஷெட் விளக்கை அணைத்து, இன்ஜினை ஓடவிட்டு, பானட்டைத் திறந்தார். துணி தேய்க்கும்போது தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் பிளக் வயர்கள் மேல் லேசாகத் தூவினார். மூன்றாவது வயரிலிருந்து இன்ஜின் மூடிக்கு நீல நிறத்தில் பொறி தாவியது, கூடவே 'டிக் டிக்' என்று சத்தம். இன்ஜின் அதே நிமிடம் குலுங்க ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் தூவியதும் இரண்டாவது வயரிலும் பொறி. வண்டி ஆஃப். ஒரு பெரிய ஒர்க்‌ஷாப் இத்தனை நாள் வைத்திருந்தும் காணாததை அவர் தண்ணீரும் இருட்டும் வைத்துக் காட்டிவிட்டார்.

காரணம் இதுதான். பேட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் 20,000 வோல்ட்டுக்கும் மேலே ஏற்றிப் பிளக்குக்கு அனுப்புகிறது. இன்ஜின் சூட்டில் வருடக்கணக்கில் வெந்த வயரின் ரப்பர் மெல்ல வெடிப்பு விடும். காய்ந்திருக்கும் வரை தெரியாது. தூசியும் ஈரமும் சேர்ந்து படிந்தால் கரண்ட் அந்த வழியாக எர்த் ஆகிவிடும், பிளக்கில் பொறி வராது. மேடு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால் பொறி வர இன்னும் அதிக வோல்ட்டேஜ் தேவை. அதனால்தான் லீக் முதலில் மேம்பாலத்தில் தலைகாட்டுகிறது. புது வண்டிகளில் வயர் கிடையாது, பிளக்குக்கு ஒரு காயில் நேராக உட்காரும். அங்கேயும் காயிலின் அடியில் உள்ள ரப்பர் உறை வெடிப்பு விட்டால் இதே கதை. டீசல் வண்டியில் பிளக் பொறியே இல்லை, அதற்கு இது பொருந்தாது.

பிளக்கைக் கழற்றியபோது மூன்றாவது பிளக் உட்காரும் குழியில் தண்ணீர் நின்றது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. கரண்ட் ஓடி ஓடி விழுந்த கரித்தடம் அது, துடைத்தாலும் போகாது. புது வயர் போட்டுப் பழைய பிளக்கை விட்டால் கோளாறு திரும்ப வரும் என்று நாலு பிளக்கையும் மாற்றினார். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வயர் செட் 1,250, பிளக் நாலும் 600. குழிக்குள் தண்ணீர் எப்படி வந்தது என்றும் தேடினார். வைப்பருக்கு அடியில் உள்ள தட்டில் வடிகால் ஓட்டையை வேப்பிலை அடைத்திருந்தது. அங்கே நிரம்பிய மழைநீர் நேராக இன்ஜின் மேல் வழிந்திருக்கிறது. வண்டிக்கு அடியில் பார்த்தால் இன்ஜினை மூடும் பிளாஸ்டிக் தட்டையும் காணோம். அந்த ஒர்க்‌ஷாப்பில் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவே இல்லை, 'கழற்றி மாட்டிய' லேபர் மட்டும் பில்லில் இருக்கிறது.

வேலை முடிந்ததும் அதே பாட்டிலால் முன்னைவிட அதிகமாகவே தெளித்தார். இன்ஜின் கொஞ்சமும் குலுங்காமல் ஓடியது. நீங்கள் கேட்க வேண்டியதும் இதைத்தான். சாமான் மாற்றும் முன் தண்ணீர் தெளித்து என் கண் முன்னால் வண்டியை நிற்க வையுங்கள், மாற்றிய பிறகு அதே மாதிரி தெளித்து நிற்காமல் ஓட்டிக் காட்டுங்கள் என்று சொல்லுங்கள். ஜாப் கார்டில் எழுதவும் சொல்லுங்கள். மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். வீட்டில் நீங்களே செய்து பார்த்தால் இன்ஜின் ஓடும்போது வயரைக் கையால் தொட வேண்டாம், பெல்ட், ஃபேன் பக்கம் சட்டை நுனிகூடப் போகக் கூடாது, வாளியால் ஊற்றவே கூடாது. வழியில் நின்றுவிட்டால், ஓரங்கட்டி இன்ஜினை அணைத்து, காயிலையும் வயரையும் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆகிவிட்டால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

கழற்றிய பழைய பம்ப்பைக் கேட்டேன், "ஸ்க்ராப்புக்குப் போயிடுச்சு" என்றார்கள். பழைய சாமானை டிக்கியில் வைக்கச் சொல்லி முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் பில், ஸ்கேனர் ரிப்போர்ட், இரவில் எடுத்த வீடியோ எல்லாவற்றையும் வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒர்க்‌ஷாப்பிலிருந்து இதுவரை வந்தது லேபர் பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்ற ஒரு போன் கால் மட்டும். பம்ப் பணமும் அந்த அடித்தட்டும் வரும்வரை புகாரை வாபஸ் வாங்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன்.