கியூஎமு - இன்டரப்ட் செட்டப்புக்கு மட்டும் நாலரை ஸ்டார்

கோத்தகிரில வீட்லயே உக்காந்து எட்டு மாசமா கியூஎமுல (ஒரு கம்ப்யூட்டரையே சாஃப்ட்வேர்ல ஓட்டிக் காட்டற எமுலேட்டர்) டிவைஸ் மாடல், அதாவது நெஜ சிப் மாதிரியே நடந்துக்கற கோடு, எழுதிட்டு இருக்கேன். ஒரு போர்டு வேணும்னாலும் கோயமுத்தூர் வரைக்கும் இறங்கணும், அதனால 2003ல ஃபாப்ரிஸ் பெல்லார்ட் ஆரம்பிச்ச இந்த சாஃப்ட்வேர்தான் எனக்கு லேபே. இங்க சொல்ல வந்தது இன்டரப்ட் (டிவைஸ் சிபியூவை கூப்பிடற சிக்னல்) கோடுல இருக்கற அசெர்ட் (கண்டிஷன் தப்புனா ப்ரோக்ராமையே நிறுத்தற செக்) பத்தி மட்டும்தாங்க.

மொதல்ல எழுதுனது ஒரு சின்ன டைமர். அதோட இன்டரப்ட் லைனை கன்ட்ரோலர்ல சேக்கற ஒரே ஒரு வரிய விட்டுட்டேன். சேக்காத லைன் கியூஎமுக்கு வெறும் நல் பாயின்டர் (எதையும் காட்டாத முகவரி), அதுல சிக்னல் குடுத்தா ஒண்ணுமே பண்ணாம திரும்பிடும். நெஜ போர்டுலயும் சில பின் சும்மாதான் இருக்கும், அதனால அது தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா உள்ள ஓடற லினக்ஸ் பாட்டுக்கு காத்துட்டே இருக்கு, எர்ரர் எதுவும் இல்ல, நான் ரெண்டு நாளா டிரைவர் கோடையே நோண்டிட்டு இருக்கேன், வெளிய நவம்பர் மழை, கரண்ட் வேற போயி போயி வருது.

அடுத்து ஒரு பிசிஐ கார்டு. இதுல இன்டரப்ட் பின் நம்பர் போட மறந்துட்டேன். மொத இன்டரப்ட் எழுப்புனதுமே அசெர்ட் ஃபெயில், மொத்தமா நின்னுடுச்சு. ஜிடிபிங்கற டீபக்கர்ல பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் வழியா அங்க வந்துச்சுங்கற லிஸ்ட்) எடுத்தா இன்டரப்ட் லைன் நம்பர் மைனஸ் 1னு நிக்குது! பின் ஏ-ன்னா 1, கோடு அதுல 1 கழிச்சுட்டு 0லேர்ந்து 3க்குள்ள இருக்கான்னு பாக்குது, நான் எதுவும் போடாததால 0, கழிச்சா மைனஸ் 1. ஒரு வரி சேத்தேன், பத்து நிமிஷத்துல வேலை முடிஞ்சுது. எம்எஸ்ஐக்கு (பின் இல்லாம மெசேஜா அனுப்பற இன்டரப்ட்) 3 வெக்டர், அதாவது மூணு தனித்தனி இன்டரப்ட், கேட்டப்பவும் இதேதான், 1, 2, 4, 8னு 32 வரைக்கும் இரட்டிச்சுட்டே போற எண்ணிக்கைதான் செல்லும், டிவைஸ் உருவாகறப்பவே நிறுத்திடுச்சு.

அரை ஸ்டார் எதுக்கு குறைச்சேன்னா, சேதில ஃபைல் பேரும் வரி நம்பரும் ஃபங்ஷன் பேரும் கண்டிஷனும்தான் வருது, எந்த டிவைஸ்னு வராது. நாலு கார்டு போட்டிருந்தா ஜிடிபி இல்லாம கண்டுபிடிக்கறது கஷ்டம்.

புதுசா எழுதறவங்க ஒண்ணு கவனிங்க, கெஸ்ட் (கியூஎமுக்குள்ள ஓடற ஓஎஸ்) எழுதற ரெஜிஸ்டர் மதிப்பை அசெர்ட் வெச்சு செக் பண்ணாதீங்க, உள்ள இருக்கறவன் ஒரு தப்பு நம்பர் எழுதுனா மொத்த விஎம்மும் போயிடும், அங்க லாக் பண்ணிட்டு விட்டுடணும். அசெர்ட்டை ஆஃப் பண்ணி பில்ட் பண்ணலாம்னும் பாக்காதீங்க, கம்பைல் ஆகவே விடாது, அது எனக்கு ரொம்ப புடிச்சுது. டைமருக்கு இப்ப மெஷின் செட்டப் முடியற இடத்துல லைன் சேந்திருக்கான்னு நானே ஒரு அசெர்ட் போட்டு வெச்சிருக்கேன்.