ஒரு மாலை ஈசலும் பதினேழு வருடச் சிள்வண்டும்

வெள்ளவத்தையில் ஒக்டோபர் மழை விட்ட மாலை. விளக்கைப் போட்டதுதான் தாமதம், ஜன்னல் வழியே ஈசல் படை. அம்மா விளக்கை அணைத்துவிட்டு, மெழுகுவர்த்திக்குக் கீழே தண்ணீர்ச் சட்டி வைப்பார். விடிந்தால் தரையெல்லாம் சிறகு. தும்புத்தடி பட்டாலே பறக்கும், கூட்டி முடியாது.

அமெரிக்காவின் கிழக்குப் பக்கச் சிள்வண்டு வேறு ரகம். வேர்ச்சாறு குடித்தபடி 13 அல்லது 17 வருடம் மண்ணுக்குள் கிடக்கும். வசந்தத்தில் நிலம் 18 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடானதும் லட்சக்கணக்கில் மேலே வரும். 2024இல் 13 வருடக் கூட்டமொன்றும் 17 வருடக் கூட்டமொன்றும் ஒரே வருடத்தில் வந்தன. அவை இரண்டும் அதற்குமுன் சேர்ந்து வந்தது 1803இல். பதின்மூன்றைப் பதினேழால் பெருக்கினால் 221. கணக்கு சரி.

தந்திரம் இரண்டுக்கும் ஒன்றுதான்: தின்பவர் வயிறு நிரம்பியும் மிச்சம் இருக்கவேண்டும். எங்கள் வீட்டுப் பல்லி, வாயோரம் ஒரு சிறகு நீட்டிக்கொண்டிருக்க, மூக்குக்கு முன்னால் ஊரும் அடுத்த ஈசலைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்.

சத்தத்தில் ஈசலுக்கே என் ஓட்டு. சிள்வண்டின் ஆண்கள் வாரக்கணக்கில் பகல் முழுக்கக் கத்தும். ஆனால் சேதம் என்று வந்தால் நான் கட்சி மாறிவிடுவேன். சிள்வண்டு முட்டையிடச் சின்னக் கிளைகளைக் கீறும், இளங்கன்றுகள்தான் பாவம். ஈசலோ கறையானின் மாப்பிள்ளை, பெண். சிறகை உதிர்த்த ஒரு ஜோடி தப்பினாலே போதும், எங்கேயோ புதுக்குடித்தனம் தொடங்கிவிடும். எங்கள் அலுமாரியின் பின்பலகை ஏற்கெனவே தட்டினால் அப்பளம்போலச் சத்தம் போடுகிறது.