எட்டாவது குழந்தைக்காகக் கட்டிய 1,995 ரூபாய்

ஆன்லைன் ஹாரர் சீரிஸ் எதற்காவது மெம்பர்ஷிப் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். நான் மாதம் 399 ரூபாய் வீதம் ஐந்து மாதம் கட்டினேன். மொத்தம் 1,995 ரூபாய். பணம் போனதைவிட, அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு எங்களுக்கு எதைக் காட்டினார்கள் என்பதுதான் இன்னும் ஆறவில்லை. தொடரின் பெயரை எழுதப் போவதில்லை. பெயரைச் சொன்னால் 'அப்படி என்னதான் இருக்கிறது' என்று நாலு பேர் போய்ப் பார்ப்பார்கள். அந்த நாலு பேரை வைத்துத்தான் அவர்கள் பிழைப்பு நடக்கிறது.

நானும் தம்பியும் சனிக்கிழமை ராத்திரி சேர்ந்து உட்கார்ந்து ஹாரர் பார்ப்பது பல வருஷப் பழக்கம். எங்களுக்கு ரொம்பப் பிடித்தது அனலாக் ஹாரர் என்று சொல்கிறார்களே, அந்த வகை. பழைய வீடியோ கேசட்டிலோ அமெரிக்காவின் ஏதோ ஒரு சின்ன ஊர் டிவி ஒளிபரப்பிலோ பதிவானது போலவே எடுத்திருப்பார்கள். படம் மங்கலாக இருக்கும், ஓரத்தில் கோடு ஓடும், ஓடிக்கொண்டே இருப்பதில் ஏதோ ஒன்று மட்டும் சரியாக இருக்காது.

கிரிஸ் ஸ்ட்ராப் என்பவர் 2015இல் தொடங்கிய 'லோக்கல் 58' இந்த வகைக்குப் பெரிய வழி போட்டுக் கொடுத்தது. அதில் ஒரு எபிசோட் வெறும் வானிலை எச்சரிக்கைதான். வெளியே போகாதீர்கள், நிலாவைப் பார்க்காதீர்கள் என்று திரையில் எழுத்து வருகிறது. கொஞ்ச நேரத்தில் அதை மறித்துக்கொண்டு இன்னொரு செய்தி: வெளியே போங்கள், நிலாவைப் பாருங்கள். இரண்டுமே அதிகாரபூர்வ அறிவிப்பு போலத்தான் இருக்கின்றன. எதை நம்புவது? பெரும்பாலும் எழுத்துகள்தான், வேறு ஒன்றும் இல்லை. அதைப் பார்த்த மறுநாள் ராத்திரி மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது, நான் தலையை நிமிர்த்தாமலே எடுத்துக்கொண்டு வந்தேன்.

அதே ஆள் 2009இல் எழுதிய 'கேண்டில் கோவ்' என்ற சின்னக் கதையில் படம்கூடக் கிடையாது. சிறு வயதில் டிவியில் பார்த்த ஒரு பொம்மை நிகழ்ச்சியைச் சிலர் சேர்ந்து நினைவுபடுத்திக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் கதை. கடைசியில் ஒருவன் தன் அம்மாவிடம் அதைப் பற்றிக் கேட்கிறான். நீ அந்த நிகழ்ச்சி பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் ஒன்றுமே வராத சேனலைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்கிறார் அம்மா. இதில் யாரும் கத்தவில்லை, யார்மேலும் ரத்தம் இல்லை. படித்து முடித்த பிறகு நம் சிறு வயது ஞாபகங்களையே ஒருமுறை சந்தேகமாகப் பார்க்கத் தோன்றும்.

நல்ல பயம் எப்படி இருக்கும் என்று தெரியாதவள் இல்லை நான். அதனாலேயே ஏமாந்தேன்.

அந்தத் தொடரின் முதல் மூன்று எபிசோடும் இலவசம். முதலாவது ஒரு பிறந்தநாள் வீடியோ. ஏழு குழந்தைகளுக்கு ஏழு தொப்பி, ஏழு தட்டு. அம்மா கேக் வெட்டி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கொடுக்கிறார். பெயர்கள் ஏழு. திரையில் குழந்தைகள் எட்டு. கேமரா அதைப் பெரிதாகக் காட்டவே இல்லை. எங்களுக்கும் முதல் தடவை தெரியவில்லை. தம்பிதான் ஏதோ உறுத்துகிறது என்று பின்னால் தள்ளி எண்ணிப் பார்த்துவிட்டு, "அக்கா, இன்னொரு தடவ எண்ணு" என்றான். அன்றைக்கு ராத்திரி ஹாலில் விளக்கை அணைக்காமலே தூங்கினோம். மூன்றாவது எபிசோட், வீட்டில் எல்லோருமே திரையில் இருக்கும்போது இந்த வீடியோவை எடுப்பது யார் என்ற கேள்வியோடு முடிந்தது. பதில் நான்காவதில் இருக்கிறது என்றார்கள். நான்காவது முதல் மெம்பர்களுக்கு மட்டும்.

அன்று ராத்திரியே பணம் கட்டினேன்.

நான்காவது எபிசோட் ஒன்பது நிமிடம். ஏழு நிமிடம் இருட்டில் ஒரு நடைபாதை, ஒரு சத்தமும் இல்லை. என்ன என்று கேட்பதற்காக நானே ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டேன். எட்டாவது நிமிடத்தில் காது கிழிகிற மாதிரி ஒரு அலறல், திரை முழுக்க வாய் பிளந்த ஒரு முகம். தம்பி ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். அவனுக்கு வலது காதில் மறுநாள் மதியம் வரைக்கும் 'ங்' என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கேமரா யார் கையில் என்ற பேச்சே அதில் இல்லை. சரி, அடுத்ததில் வரும் என்று நினைத்தோம். ஐந்தாவதும் அப்படியேதான். முகம்தான் வேறு.

இப்படிப்பட்ட அலறலுக்கு எல்லோரும்தான் துள்ளுகிறோம். ஆனால் அது பயந்ததால் இல்லை. திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் நாம் யோசிப்பதற்கு முன்பே கண் மூடிக்கொள்ளும், தோள் குறுகும், கழுத்து உள்ளே இழுக்கும். கார்னி லாண்டிஸ், வில்லியம் ஹண்ட் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் துப்பாக்கி வெடிச்சத்தம் கேட்கிறவர்களை அதிவேகக் கேமராவில் படம் பிடித்து, 1939இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள். கதவு டமால் என்று சாத்தினாலும், பக்கத்தில் லாரி ஹாரன் அடித்தாலும் இதேதான் நடக்கும். அதை எழுத ஒரு கதாசிரியர் தேவையில்லை. 2000களின் நடுவில் ஜெர்மனியில் ஒரு காப்பி பான விளம்பரம் வந்தது. மலைப்பாதையில் அமைதியாக ஒரு கார் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ஒரு பேய் முகம் அலறும். நீங்கள் இவ்வளவு விழிப்பாக இருந்ததே இல்லை என்று அடியில் எழுத்து வரும். தூக்கத்தைக் கலைப்பதுதான் அதன் நோக்கம், அதைச் சொல்லிவிட்டே செய்தார்கள். அதற்காக யாரிடமும் மாதச் சந்தா வாங்கவில்லை.

திடீரென்று ஒரு உருவத்தைக் காட்டித் துள்ள வைக்கிற 'ஜம்ப் ஸ்கேர்' உத்தியே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேன் பார்சன்ஸ் என்ற பையன் பதினாறு வயதில், 2022 ஜனவரியில் வெளியிட்ட 'பேக்ரூம்ஸ்' வீடியோவிலும் ஒரு உருவம் வருகிறது, கத்துகிறது, துரத்துகிறது. ஆனால் அதற்கு முன்பே அந்த மஞ்சள் சுவர் அறைகள், டியூப் லைட்டின் ரீங்காரம், ஆளே இல்லாத மூலைகள் எல்லாம் சேர்ந்து நம்மை ஒரு வழி பண்ணிவிடும். அந்த உருவம் வரவே இல்லை என்றாலும் எனக்கு அந்த வீடியோ போதும். நான் பணம் கட்டிய தொடரில் அலறலை வெட்டி எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது கறுப்புத் திரைதான்.

ஆறாவதில் திரையை வெள்ளையும் சிவப்புமாக மின்ன விட்டார்கள். கிட்டத்தட்ட அரை நிமிடம், முன்னெச்சரிக்கையாக ஒரு வரிகூடப் போடாமல். இது விளையாட்டான விஷயம் இல்லை. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் 'போக்கிமான்' கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னிய ஒரு காட்சியைப் பார்த்து நூற்றுக்கணக்கான குழந்தைகள் வலிப்பும் மயக்கமுமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒரு வினாடிக்கு மூன்று தடவைக்கு மேல் திரை மின்னக் கூடாது என்பது இன்றைக்கு இணையதள வடிவமைப்புக்கே இருக்கிற விதி. அது தெரியாமலா படம் எடுக்க வருகிறார்கள்? உங்கள் வீட்டில் வலிப்பு உள்ளவர் யாராவது இருந்தால், முன்னெச்சரிக்கை போடாத எந்தத் தொடரையும் அவரோடு சேர்ந்து பார்க்காதீர்கள்.

அப்புறம்தான் ஏழாவது எபிசோட். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

பதினோராவது நிமிடம் முடிந்ததும் ஒரு புகைப்படம் சில வினாடி வந்து போனது. விபத்தில் சிதைந்த ஒரு முகம். மேக்கப் என்று நினைத்து நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். தம்பி பேசவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, இது மேக்கப் மாதிரி இல்ல" என்றான். அந்தக் காட்சியை நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படத்தை வைத்துத் தேடிப் பார்த்தான். பல வருஷத்துக்கு முன்னால் வேறொரு நாட்டில் நடந்த சாலை விபத்துச் செய்தி வந்தது. அதே படம். நிறத்தை மட்டும் கொஞ்சம் பச்சையாக மாற்றி, மேலே வீடியோ கேசட் கோடு போட்டிருந்தார்கள். செத்துப்போனது ஒரு இளம்பெண். செய்தியில் அவள் அம்மா அப்பாவின் படமும் இருந்தது.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தம்பி லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். எங்கள் சித்தப்பாவும் சாலை விபத்தில்தான் போனார். அவர் படத்தை யாராவது இப்படி எடுத்துப் பேயாக ஓட்டி, அதற்குச் சந்தாவும் வாங்கினால் என் சித்தி என்ன ஆவார் என்றுதான் அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொடரை எடுத்தவர்களுக்கு எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன்: இது நிஜமான ஒருவரின் படம், அவர் குடும்பம் உயிரோடு இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று. மூன்று நாள் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது. பயந்தீர்கள் அல்லவா, எங்கள் வேலை அதுதான் என்று. மெம்பர்களுக்கான கமெண்ட் பகுதியில் இதையே எழுதினேன். ஒரு மணி நேரத்தில் அது காணாமல் போனது. அதற்கு முந்தைய எபிசோடுகளிலும் பாராட்டு மட்டுமே ஏன் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. முதல் மூன்று எபிசோடின் முடிவில் 'எழுத்து' என்று போட்டு ஒரு பெயர் வருகிறது. நான்காவதிலிருந்து அந்தப் பெயர் இல்லை. அந்த இடத்தில் வேறு பெயரும் இல்லை. எட்டாவது குழந்தையை யோசித்தவர் போய்விட்டார், அவர் யோசித்ததைக் காட்டித்தான் எங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள். டிரெய்லரில் இன்றைக்கும் ஓடுவது அந்தப் பிறந்தநாள் வீடியோதான்.

பணம் கட்டுவதற்கு முன் இலவச எபிசோடுக்கும் சமீபத்திய எபிசோடுக்கும் எழுதியவர் ஒருவர்தானா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை, நான் செய்யவில்லை. மெம்பர்களைத் தவிர வெளியே யாராவது புது எபிசோடுகளைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள். கதையைப் பற்றிப் பேசாமல் 'இதயம் நின்றுவிட்டது', 'ஹெட்போன் போட்டுப் பாருங்கள்' என்று மட்டும் எழுதியிருந்தால் விலகிவிடுங்கள். கதை இருந்தால் ஜனங்கள் கதையைத்தான் பேசுவார்கள். யூடியூபில் பார்ப்பதாக இருந்தால் செட்டிங்ஸில் 'ஸ்டேபிள் வால்யூம்' இருக்கிறதா என்று பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள், திடீர் அலறல் கொஞ்சமாவது அடங்கும். ரொம்ப நேரம் சத்தமே இல்லை என்றால் ஒலியைக் கூட்டாதீர்கள், குறைத்து வையுங்கள்.

கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள். ஆட்டோபே போட்டுவிட்டால் நம் கை தானாகவே தளர்ந்துவிடுகிறது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே நமக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, எனக்கும் ஒவ்வொரு மாதமும் வந்தது. அடுத்ததில் பதில் வரும், அடுத்ததில் வரும் என்று நான்தான் விட்டுவிட்டேன். யுபிஐயில் கட்டியிருந்தால் அதே செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் நீங்களே ரத்து செய்துவிடலாம், தொடர்காரர்களிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நான் அப்படித்தான் நிறுத்தினேன். கட்டிய பணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்றார்கள், வரவும் இல்லை.

அந்தப் புகைப்படத்தைப் பற்றித் தளத்துக்குப் புகார் கொடுத்திருக்கிறேன். பரிசீலனையில் இருக்கிறது என்று தானியங்கிப் பதில் வந்தது. நேற்று வரைக்கும் வீடியோ அங்கேயே இருக்கிறது. ஒருவர் கொடுத்த புகாரைவிடப் பத்துப் பேர் கொடுத்த புகாரைச் சீக்கிரம் எடுத்துப் பார்ப்பார்கள் என்று நம்புகிறேன். ஏழு தொப்பி, எட்டுக் குழந்தை என்றதும் எந்தத் தொடர் என்று உங்களுக்குப் புரிந்திருந்தால், நீங்களும் மெம்பராக இருந்தால், தயவுசெய்து ஏழாவது எபிசோட் மேல் புகார் கொடுங்கள். நிஜமான ஒருவரின் மரணப் படம் என்று காரணத்தில் எழுதுங்கள். நேரத்தைக் கேட்டால் பதினோராவது நிமிடம் முடிந்ததும் என்று போடுங்கள். உறுதி செய்துகொள்வதற்காகக்கூட அதைப் போய்ப் பார்க்க வேண்டாம். அந்தப் பெண்ணை அந்த நிலையில் இன்னொருவர் பார்க்க வேண்டிய தேவை இல்லை.