"மீன்பிடி சாமான் எல்லாம் 9507-தான்" என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் ஜாக்கிரதை

தொழில்முறை மீன்பிடிக்கான வலை, கயிறு, தூண்டில் முள், விஞ்ச் (வலையையும் வடத்தையும் சுற்றி இழுக்கும் இயந்திரம்) ஆகியவற்றை இறக்குமதி செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுங்க வேலைகளைப் பார்த்துச் சரக்கை எடுத்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் எங்கள் கன்டெய்னர் முழுவதையும் 9507 என்ற ஒரே எச்எஸ் குறியீட்டில் (சுங்க வரி கணக்கிடப் பொருள்களை வகைப்படுத்தும் சர்வதேச எண்) போட்டார். கூடவே "அட்வான்ஸ் ரூலிங் வாங்கியாச்சு", அதாவது எந்தக் குறியீடு என்று சுங்கத்துறையிடம் முன்கூட்டியே எழுத்தில் முடிவு வாங்கியாச்சு என்று சொல்லி அதற்குத் தனிக் கட்டணமும் வாங்கிக்கொண்டார். அப்படி ஒரு ரூலிங் எங்கள் பெயரில் இல்லவே இல்லை. சரக்கு முடங்கியது. வித்தியாச வரி, அபராதம், டெமரேஜ் (சரக்கு முடங்கிக் கிடந்ததற்கான தாமதக் கட்டணம்) மூன்றும் எங்கள் தலையில் விழுந்தன. அவர் பெயரைச் சொல்லவில்லை. எப்படி ஏமாற்றினார் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

நாங்கள் வரவழைத்தவை இவை: நைலான் இழையில் முடிச்சுப் போட்டுப் பின்னி, மேல்கயிறு கீழ்கயிறு கோத்து, கடலில் இறக்கத் தயாராக இருந்த செவுள் வலைகள், பேல் பேலாக முடிச்சில்லாத வலைத்துணி, நைலான் கயிறு, எஃகு வடம், ஆயிரங்கால் தூண்டிலுக்கான முள், ஒரு ஹைட்ராலிக் விஞ்ச், ஒரு எக்கோ சவுண்டர் (ஒலி அனுப்பிக் கடலின் ஆழத்தை அறியும் கருவி). ஒவ்வொன்றும் எந்தப் பொருளால் ஆனது, முடிச்சு உண்டா இல்லையா, இழையின் தடிமன் என்ன என்பது வரை இன்வாய்ஸில் எழுதியிருந்தது. சுங்க அறிவிப்பில் அவர் அதையெல்லாம் தூக்கிவிட்டு ஒரே வரியாக எழுதினார்: "மீன்பிடி உபகரணங்கள், 9507.90".

9507 என்ற தலைப்பு (குறியீட்டின் முதல் நான்கு இலக்கங்களைத் தலைப்பு என்பார்கள்) தூண்டில் கழி, தூண்டில் முள், தூண்டில் போட்டு மீன் பிடிப்பதற்கான மற்றச் சாமான்கள், மீனை அள்ளும் கைவலை போன்றவற்றுக்கானது. எங்கள் சரக்கில் அங்கே போக வேண்டியது முள் மட்டும்தான். அதுவும் 9507.90 இல்லை, 9507.20. செயற்கை இழையில் தைத்து முடித்த மீன்வலை 5608.11. நைலான் கயிறு 5607.50, எஃகு வடம் 7312.10, மின்மோட்டாரால் இயங்காத விஞ்ச் 8425.39, எக்கோ சவுண்டர் 9014.80. எச்எஸ் அட்டவணையில் மீன்பிடிக்கென்று எல்லாவற்றையும் போட்டுவைக்கும் ஒரே இடம் கிடையாது. பெரும்பாலும் அது என்ன பொருள், எதனால் ஆனது என்பதை வைத்துத்தான் குறியீடு அமைகிறது.

முடிச்சில்லாத வலைத்துணிதான் எங்களை அதிகம் அலைக்கழித்தது. சோதனைக்கு வந்த அதிகாரி ஒரு பேலைப் பிரித்து, இரண்டு கண்ணிகள் சேரும் இடத்தை விரல் நகத்தால் நெருடிக் காட்டினார். முடிச்சு இல்லை, ராஷல் இயந்திரத்தில் பின்னிய வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடின. சுருளாகவோ பேலாகவோ வரும் வலைத்துணி 5608-இல் சேர வேண்டுமென்றால் அதில் முடிச்சு இருக்க வேண்டும். முடிச்சில்லாமல் இயந்திரத்தில் பின்னியது 60-ஆம் அத்தியாயத்துக்கு, பின்னல் துணியாக 6005-க்குப் போய்விடும். அதே துணியை வெட்டித் தைத்து முழு வலையாக்கிக் கொண்டுவந்தால் 5608.11. இழையிலும் இப்படி ஒரு கோடு உண்டு: ஒற்றை இழையின் குறுக்களவு 1 மி.மீ.க்கு மேல் போனால் அது ஜவுளிக் கணக்கில் வராது, பிளாஸ்டிக் ஆகிவிடும். இந்த விவரம் எல்லாமே எங்கள் இன்வாய்ஸில் இருந்தது. ஏஜென்ட் அதைப் படிக்கவே இல்லை என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

கேள்வி வந்ததும் அவர் சொன்ன பதில், "மீன் பிடிப்பது என்று பெயரிலேயே இருக்கிற தலைப்பு அதுதானே" என்பது. பிறகு நாங்கள் விசாரித்த வேறொருவர் நேர் எதிராக, "95-ஆம் அத்தியாயம் பொம்மைக்கும் விளையாட்டுக்கும் உள்ளது, தொழில்முறை முள் அங்கே போகாது" என்றார். இரண்டுமே தவறு. எச்எஸ்ஸின் பொது விளக்க விதிகளில் முதல் விதியே சொல்கிறது: பிரிவு, அத்தியாயம் ஆகியவற்றின் பெயர்கள் தேடிப் பிடிக்க வசதிக்காக மட்டுமே, தலைப்பில் உள்ள வாசகமும் பிரிவு, அத்தியாயக் குறிப்புகளும்தான் சட்டப்படி செல்லும். தூண்டில் முள் என்று 9507-இல் பெயர் சொல்லியே இருப்பதால், பொழுதுபோக்குக்கு வாங்கினாலும் சூரை பிடிக்க வாங்கினாலும் அது அங்கேதான்.

அடுத்தது அந்த ரூலிங். அவர் எங்களுக்கு அனுப்பியது ஒரே ஒரு பக்கத்தின் நகல். விண்ணப்பதாரர் பெயர் இருக்க வேண்டிய மேல்பகுதி நகலில் விழாமல் வெட்டப்பட்டிருந்தது. "ரகசியம் காக்க அப்படித்தான் தருவார்கள்" என்றார். சரக்கு மாட்டிய பிறகு ரூலிங் எண்ணைக் கொடுத்துச் சுங்கத்துறையிலேயே கேட்டோம். அது வேறொரு நிறுவனம், தூண்டில் கழிக்கும் உருளைக்கும் வாங்கியது. 2017-இல் அமலுக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தப்படி, அட்வான்ஸ் ரூலிங் அதைக் கேட்டு வாங்கியவர் விஷயத்தில்தான் சுங்கத்துறையைக் கட்டுப்படுத்தும். அடுத்தவர் ரூலிங்கைக் காட்டி நாம் உரிமை கோர முடியாது. இது தெரியாமல் ஒருவர் ஏஜென்ட் தொழில் செய்ய முடியுமா? தெரிந்தேதான் செய்தார் என்று நினைக்கிறேன்.

விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தபோது அவர் எழுதிக் கொடுத்தது "இறக்குமதியாளர் சொன்னபடி அறிவித்தேன்" என்று. பொதுவாக எந்த நாட்டிலும் வரிப் பொறுப்பு இறக்குமதியாளர் மேல்தான் வரும். ஏஜென்ட் பிழை செய்தார் என்பது வரியைக் குறைக்காது. எங்களைக் காப்பாற்றியது, பொருள் விவரத்தோடு அவருக்குப் போன மின்னஞ்சல்கள். அவற்றைப் பார்த்த பிறகுதான் வேண்டுமென்றே மறைத்தோம் என்ற குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். எக்கோ சவுண்டருக்கோ தவறான குறியீட்டால் அதிக வரி கட்டியிருந்தோம். அதைத் திரும்பக் கேட்டிருக்கிறோம். இதற்குக் காலக்கெடு உண்டு, நாட்டுக்கு நாடு மாறும். தெரிந்த உடனே விண்ணப்பித்துவிடுங்கள்.

ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு பொருளுக்கும் அறிவிப்பில் தனிப் பதிவு, தனிக் குறியீடு, எந்தத் தலைப்பு வாசகத்தால் அல்லது எந்தக் குறிப்பால் அது அங்கே போகிறது என்று எழுத்தில் ஒரு வாக்கியம். அறிவிப்பைத் தாக்கல் செய்யும் முன் அதன் வரைவை நீங்களே பார்த்துச் சம்மதம் கொடுங்கள். ரூலிங் இருக்கிறது என்றால் முழு ஆவணமும், அதில் உங்கள் நிறுவனத்தின் பெயரும் வேண்டும். குறியீட்டின் முதல் ஆறு இலக்கங்கள் எச்எஸ்ஸைப் பின்பற்றும் நாடுகளுக்குப் பொது. அதற்குப் பின்னால் வரும் இலக்கங்களையும், தொழில்முறை மீன்பிடிக்குச் சலுகை உண்டா என்பதையும் அந்தந்த நாட்டு அட்டவணையில் பாருங்கள்.

ரூலிங்குக்கென்று வாங்கிய கட்டணத்தை அவர் இன்னும் திருப்பித் தரவில்லை. அவருடைய உரிமத்தை வழங்கிய அதிகாரியிடம் புகார் கொடுத்திருக்கிறோம். வெட்டப்பட்ட அந்த நகலையும் சேர்த்தே கொடுத்தோம்.