பழைய .303 துவக்குக்கு 'வேட்டை ரவை' வாங்குகிறீர்களா? முனையையும் அடியையும் பார்த்து வாங்குங்கள்

ஒன்ராறியோவில் .303 ரவை போடும் பழைய பிரித்தானிய இராணுவ லீ என்ஃபீல்ட் துவக்கோடு மான் வேட்டைக்குப் போகிற எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். கன் ஷோவில் (துவக்கு, ரவை விற்கும் கண்காட்சி) மேசை போட்டு விற்கும் ஒருவர், இராணுவ ரவைகளின் முனையை அரத்தால் ராவி, வேட்டை ரவைப் பெட்டிக்குள் அடுக்கி விற்கிறார். நானும் அவரிடம் இரண்டு பெட்டி வாங்கினேன். அந்த ரவையைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். சுடுகிறவருக்குக் கண்ணோ கையோ போகலாம்.

என்னுடையது ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில் லோங் பிராஞ்ச் தொழிற்சாலையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செய்த நம்பர் 4 துவக்கு. அதே வகையைத்தான் கனடிய ரேஞ்சர்கள் (கனடிய இராணுவத்தின் பகுதிநேரப் படையினர்) வடக்கில் பல பத்தாண்டுகள் வைத்திருந்தார்கள். மானையும் மூஸ் என்ற பெரிய மான் வகையையும் வீழ்த்தப் போதிய பலம் அதற்கு உள்ளது. நல்ல வேட்டை ரவை இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது, விலைதான் கொஞ்சம் கடிக்கும். அதனால்தான் "கடை விலையில் பாதி" என்று ஒருவர் சொன்னால் மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடுகிறது.

பெட்டியில் 180 கிரேன் (ரவையிலிருந்து பாயும் சன்னத்தின் எடை), மென்முனை என்று அச்சடித்திருந்தது. மேல்வரிசையைத் திறந்தும் காட்டினார். செப்பு நிறச் சன்னத்தின் நுனியில் வெள்ளையாக ஒரு வட்டம் தெரிந்தது. "இந்த வட்டம்தான் ஈயம், மானில் பட்டதும் விரியும்" என்று தன் வாயாலேயே சொன்னார்.

சீசனுக்கு முன்னால் துவக்கைச் சரிபார்க்கச் சுடும் பயிற்சி ரேஞ்சுக்குப் போனபோது, எங்களோடு வேட்டைக்கு வரும் மூத்த அண்ணை ஒருவர் பெட்டியை வாங்கிப் பார்த்தார். ஒரு ரவையை எடுத்து நுனியை நகத்தால் கீறினார். கீறல் விழவில்லை. "தம்பி, உந்த ரவையை ஏத்தாதையும். இது ஈயமில்லை, அலுமினியம்" என்றார்.

அவர் சொன்னது எப்படிச் சரி என்று விளக்க வேண்டும், ஏனென்றால் ஏமாற்று முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. 1910 முதல் பிரித்தானிய இராணுவம் பாவித்த .303 ரவை மார்க் 7. சன்னம் 174 கிரேன். அதன் உள்ளே பின்பக்கம்தான் ஈயம். முன்பக்கத்தில் அலுமினியத்தையோ மரக்கூழையோ வைத்து அடைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட சன்னத்தின் நுனியை ராவினால் வெளியே தெரிவது அந்த அலுமினியம்தான். அது ஈயம்போல் நசுங்கி விரியாது.

மான் காயத்தோடு ஓடிப் போய் எங்கோ கிடந்து சாகும் என்பது ஒரு பாவம். குழலுக்கு நடப்பது அதைவிட மோசம். இராணுவச் சன்னத்தின் உலோக உறை நுனியில் மூடியும் அடியில் திறந்தும் இருக்கும். சன்னத்தைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஈயம் தெரியும். வேட்டைச் சன்னத்தில் இது தலைகீழ்: அடி மூடி, நுனி திறந்து. இராணுவச் சன்னத்தின் நுனியை ராவிவிட்டால் உறை இரண்டு பக்கமும் திறந்த வெறும் குழாயாகிவிடும். சுடும்போது பின்னாலிருந்து தள்ளும் வாயு உள்ளே இருப்பதை மட்டும் வெளியே துப்பிவிட்டு, உறையைக் குழலுக்குள்ளேயே விட்டுவிடலாம். அது தெரியாமல் அடுத்த ரவையைச் சுட்டால் குழல் பிளக்கலாம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்தும் இல்லை. 1890களில் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் ஆயுதச்சாலையில் .303 சன்னத்தின் நுனியில் ஈயம் வெளியே தெரியும்படி செய்தார்கள். உறை குழலில் தங்கிவிடுமோ என்ற பயம் அந்தக் காலத்திலேயே இருந்தது. அப்போதே பயந்த ஒரு வேலையை இந்த மனிதர் தன் வீட்டு நிலவறையில் அரத்தை வைத்துச் செய்கிறார்.

வீட்டுக்கு வந்து ஒரு ரவையிலிருந்து சன்னத்தைக் கழற்றினோம். முதலில் ஒரு சிறிய அட்டை வட்டம் விழுந்தது. அப்புறம் வெடிமருந்து வந்தது, நவீன ரவையில் இருக்கும் குறுமணிகளாக இல்லை, வறுத்த சேமியாபோல் நீள நீளமான பழுப்பு இழைகளாக. அதுதான் கோர்டைட் என்ற பழைய வெடிமருந்து. புதிய வேட்டை ரவை எதிலும் இது இருக்காது. சன்னங்களைத் தராசில் வைத்தால் ஒன்றுக்கொன்று எடை ஒத்துப் போகவில்லை, 180 கிரேனை எதுவும் எட்டவும் இல்லை. வெடிமருந்து இருந்த கோதின் அடியில் ரோம எண்ணில் ஏழு, கே, எஃப் எழுத்துகளுக்கு நடுவே ஓர் அம்புக்குறி. அது இந்தியாவில் கிர்க்கி தொழிற்சாலையின் முத்திரை. ரவையைச் செய்தவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் இராணுவத்துக்குச் செய்ததை ஒழுங்காகத்தான் செய்தார்கள்.

இன்னொன்று. இந்தப் பழைய ரவைகளின் பிரைமர் (அடியில் தீப்பொறி தரும் பகுதி) எரிந்த பின் குழலில் உப்பு படியும். உப்பு ஈரத்தை இழுக்கும், குழல் துருப்பிடிக்கும். எண்ணெய் மட்டும் போட்டுத் துடைத்தால் அது போகாது. முதலில் சுடுநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, பிறகுதான் எண்ணெய். வேட்டை ரவை என்று நம்பிச் சுட்டவருக்கு இப்படிக் கழுவ வேண்டும் என்றே தோன்றாது.

அடுத்த கன் ஷோவில் அவரிடம் பெட்டிகளைக் கொண்டு போனேன். "திறந்த பெட்டியைத் திருப்பி எடுப்பதில்லை" என்றார். அடி முத்திரையைக் காட்டினேன். "எல்லா .303உம் ஒன்றுதான்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து ஆளோடு பேசப் போய்விட்டார். ரசீதில் '.303 ரவை' என்று மட்டும் எழுதியிருக்கிறது. காசு போனது போனதுதான். அதே மேசையில் அதே பெட்டிகள் அன்றைக்கும் அடுக்கியிருந்ததுதான் என்னை இதை எழுத வைத்தது. ஷோ நடத்துகிறவர்களிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

வாங்குவதானால் பெட்டியின் எழுத்தை நம்பாதீர்கள். ஒவ்வொரு ரவையையும் வெளியே எடுத்துக் கோதின் அடியைப் பாருங்கள்: வேட்டை ரவையில் செய்த நிறுவனத்தின் பெயரும் 303 பிரிட்டிஷ் என்பதும் இருக்கும். பழைய ஆண்டோ, அம்புக்குறியோ, ரோம எண்ணோ இருந்தால் அது இராணுவ ரவை. நுனியில் அரம் ஓடிய கோடுகள் தெரிகிறதா, உறையின் விளிம்பு பிசிறாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ராவாத முழு உறைச் சன்னமும் வேண்டாம். விரியாத சன்னத்தோடு மான், மூஸ் வேட்டைக்குப் போக ஒன்ராறியோ சட்டம் விடாது. மானுக்கு 150 கிரேன் மென்முனை போதும், மூஸுக்கு 180 எடுங்கள். துவக்கையும் ஒருமுறை பாருங்கள்: இந்தியாவில் செய்த இஷாபூர் 2ஏ1 பார்வைக்கு இதே லீ என்ஃபீல்ட்தான், ஆனால் அது 7.62 நேட்டோ ரவைக்குச் செய்தது.

ஏற்கெனவே இப்படிப்பட்ட ரவை கையில் இருந்தால் ஒன்றைக்கூடச் சுட வேண்டாம். சுட்டுக்கொண்டிருக்கும்போது சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து கேட்டாலோ, இலக்கு அட்டையில் ஓட்டை விழாவிட்டாலோ அப்படியே நிறுத்துங்கள். குழலின் வாயை இலக்குப் பக்கமே பிடித்தபடி அரை நிமிடம் பொறுத்து, ரவைகளை இறக்கி, போல்ட்டைக் கழற்றிக் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். மிச்ச ரவைகளைக் குப்பையில் போடாதீர்கள். உள்ளூர்ப் பொலிஸின் அவசரமல்லாத இலக்கத்துக்கு அழைத்தால் அவற்றை எப்படி ஒப்படைப்பது என்று சொல்வார்கள்.